எங்க அம்மா பங்சார்ல முட்டை சாப்பிட்டதுக்கு ஊர்க்கூட்டம் போட்டவங்களுக்கு

எந்த குரூப், எந்த போட்டோ, யாரு போட்டதுன்னு நான் சொல்லப் போறதில்ல. மலேசியாவுல பேராக் பக்கம் எங்க ஊரு சுங்கை சிப்புட்ல பாதி பேருக்குத் தெரியும், மீதி பேருக்கு இந்நேரம் ஃபார்வர்ட் ஆகியிருக்கும். அம்மா முள்கரண்டி பிடிச்சு சாப்பிடுற மாதிரி நான் என் பேஜ்ல போட்ட படத்த எடுத்து தாமான் (குடியிருப்பு) வாட்சப் குரூப்ல போட்டு, கீழ சிரிக்கிற பொம்மை போட்டு, அதுக்கப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வேற. "தோட்டத்துக்காரிக்கு முள்கரண்டி கேக்குது"ன்னு. நல்லா கேட்டுச்சு. பின்னாடி டிவி சத்தம்கூட கேட்டுச்சு.

சரி, பேசுவோம்.

நான் என் சம்பளத்துல எங்க அம்மாவையும் மகளையும் கூட்டிட்டு சனிக்கிழமை கே.எல். (கோலாலம்பூர்) போயி, அங்க இருக்கிற பங்சார்ல ஒரு பெரிய கடையில பிரன்ச், அதாவது காலைக்கும் மதியத்துக்கும் நடுவுல சாப்பிடுற சாப்பாடு, சாப்பிட்டேன். யாருகிட்டயும் கைமாத்து வாங்கல. குரூப்புக்கு ரசீது அனுப்ப வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. ஆனா கணக்குதான் எல்லாருக்கும் வேணும்னா இந்தாங்க: சாப்பாடு 175 வெள்ளி (ரிங்கிட்), அதுக்கு மேல 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ், 6 விழுக்காடு சேவை வரி, ஆக மொத்தம் 203 வெள்ளி. "அதெல்லாம் அரசாங்கம் புடுங்குறது"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். இல்லீங்க, அந்த ஆறுதான் அரசாங்கத்துக்கு. பத்து கடைக்காரன் போடுறது. இந்த ரெண்டும் தனின்னு மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருக்கும், அத பாத்துட்டுதான் உக்காந்தேன், ஏமாந்து உக்காரல.

விலை ஜாஸ்திதான். ஆமா. அடுத்தது.

"அந்தக் காசுக்கு எத்தன ரொட்டி சானாய் (பரோட்டா) வாங்கலாம்"னு கேக்குறவங்க தாராளமா எண்ணிக்கோங்க. ஆனா உங்க மகன் பிடிச்ச கார் நம்பர் வாங்க கொடுத்த காசுல எத்தன ரொட்டி சானாய்னு நான் எண்ணுனேனா? வெள்ளிக்கிழமை ராத்திரி பீர் பாட்டில் மேசை நிறைய நிக்குதே, அப்ப எந்தக் குரூப்ல கணக்கு போட்டீங்க? எங்க அம்மா ஒரு தட்டு முட்டை சாப்பிட்டதும் எல்லாரும் கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) வேலைக்கு வந்துட்டீங்க.

"தமிழ்ப்பள்ளிக்கு கொடுத்திருக்கலாமே" - இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. கொடுக்கிறேங்க. விளையாட்டுப் போட்டிக்கு சட்டை வாங்க வாத்தியார் லிஸ்ட் எடுத்துட்டு வந்தாரே, அந்த லிஸ்ட்ல என் பேரு இருக்கு. இதை எழுதின புண்ணியவான் பேரையும் தேடினேன், என் கண்ணுக்குப் படல. கைப்பேசிய எடுத்தாதான் பள்ளிக்கூட ஞாபகம் வரும் போல.

அடுத்து, "வெள்ளக்காரன் சாப்பாட்டுக்கு அலையுறா, பழச மறந்துட்டா". பழச பத்தி பேசுவோமா? பிரன்ச்சுன்னு 1895ல ஒரு இங்கிலீஷ்காரர் பத்திரிகையில எழுதினது சனிக்கிழமை ராத்திரி கூத்தடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை லேட்டா எழுந்திருக்கிற ஆளுங்களுக்காக. எங்க அம்மாவும் பத்து மணிக்குதான் சாப்பிட்டாங்க, வருஷக் கணக்கா. ஆனா அவங்க எழுந்திரிச்சது விடியுறதுக்கு ரொம்ப முன்னாடி. இருட்டுல பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போயி, தலையில லைட்ட கட்டிட்டு ரப்பர் மரம் மரமா பால் வடிய பட்டைய வெட்டிட்டு வரணும், வெயில் ஏறினா பால் நின்னுடும். வெட்டி முடிச்சு பால் சொட்டி முடியிற வரைக்கும் ஒரு இடைவெளி கிடைக்கும், அதுலதான் பசியாறுறது. தூக்குல பழைய சோறு, இல்லன்னா கோப்பி ஓ-வுல (பால் இல்லாத கோப்பியில) நனைச்ச ரொட்டி, கொசுக்கடியில மரத்தடியில உக்காந்து. அப்புறம் வாளிய தூக்கிட்டு பால் எடுக்கப் போகணும். பத்து மணிக்கு பசியாறுறது எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.

இன்னொண்ணு தெரியுமா, அந்த பங்சாரே ஒரு காலத்துல ரப்பர் தோட்டம்தான். இன்னைக்கு ஒரு கோப்பி 16 வெள்ளிக்கு விக்கிற இடத்துல பால் மரம் நின்னுச்சு. அங்க வாளி தூக்கிட்டு தோட்டத்துக்காரி நடந்தா சரி, நாற்காலியில உக்காந்தா உங்களுக்கு உறுத்துது.

சாப்பாடு எப்படின்னு ஒருத்தர்கூட கேக்கல பாருங்க. சொல்றேன். அம்மாவுக்கு எக்ஸ் பெனடிக்ட் வாங்கினேன். ரொட்டி மேல ஓடு இல்லாம தண்ணியில வேக வச்ச முட்டை, அது மேல மஞ்சக்கருவும் வெண்ணெயும் எலுமிச்சையும் கலந்த சாஸ். அம்மா கத்திய வச்சதும் மஞ்சக்கரு தட்டு முழுக்க ஓடிருச்சு. "பாப்பா, இது வேகவே இல்லயே"ன்னாங்க. நம்ம கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டைதாம்மா இது, விலைதான் வேறன்னேன். உடனே கிச்சாப்பும் (சோயா சாஸ்) மிளகுத்தூளும் கேட்டாங்க. பரிமாறுற பையன் சிரிக்கல. போயி ஒரு சின்ன வெள்ளைக் கிண்ணத்துல கிச்சாப்பு கொண்டு வந்து வச்சிட்டு, "போதுமா ஆன்ட்டி"ன்னு கேட்டுட்டுப் போனான். தெரியாத ஊரு, தெரியாத பையன், அவனுக்கு இருந்த மரியாதை.

குறை இல்லாம இல்ல. உருளைக்கிழங்கு ஆறிப்போய் வந்துச்சு, ஒன்றரை மணி நேரத்துல எழுந்திரிக்கணும்னு மேசை மேல சீட்டு வேற. மறுபடி போனா அந்த உருளைக்கிழங்கு வாங்க மாட்டேன். காளான் டோஸ்ட் பிரமாதம் லா.

"அம்மாவுக்கு சக்கரை இருக்கே, பிரெஞ்சு டோஸ்ட் கொடுக்கலாமா"ன்னு அக்கறையா ஒரு அக்கா. அது என் மக தட்டுங்க, அம்மா ஒரு துண்டு எடுத்தாங்க. மாத்திரை போட்டாச்சு. நன்றி.

படத்துல அம்மா கைய பத்தி சிரிச்சீங்களே, அதுலதான் எனக்கு தூக்கம் வரல. முள்கரண்டிய முழுக் கையால பிடிச்சிருக்காங்களாம். ஆமா, நடுவிரல் மடங்காது. பால் மரம் வெட்டுற உளிய பிடிச்சு பிடிச்சு அப்படி ஆனது. அந்தக் கைதான் உங்க வீட்டு காதுகுத்துக்கு விடிய விடிய வெங்காயம் உரிச்சுச்சு. உங்க வீட்டு கல்யாணத்துல எல்லாரும் முதல் பந்தியில உக்காந்து ரசம் சரியில்லன்னு பேசிட்டு இருந்தப்ப அவங்க அண்டா பக்கத்துல நின்னாங்க, கடைசிப் பந்தியில பாயசம் தீந்து போச்சு. அப்ப யாரும் போட்டோ எடுக்கல. ஒருத்தர்கூட "நீங்க உக்காருங்க, நான் வைக்கிறேன்"னு சொல்லல. நான் 203 வெள்ளி கொடுத்து அத வாங்கினேன், அவ்வளவுதான். எனக்கு அது மலிவு.

அம்மாவுக்கு வாட்சப் பாக்கத் தெரியாதுன்னு நினைச்சுட்டீங்க போல. பேத்தி கத்துக் கொடுத்திருக்கா. அந்த வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டாங்க. ஒண்ணும் சொல்லல, போயி துணி காயப் போட்டாங்க. சொந்தக்காரங்க குரல் அவங்களுக்குத் தெரியாதா?

அதனால அண்ணி, பேர் போடாமலே சொல்றேன். தீபாவளிக்கு முறுக்கு சுட, அதிரசத்துக்கு பாகு பதம் பாக்க அம்மாவ அனுப்புன்னு வழக்கம்போல ஆள் அனுப்பாதீங்க. இந்த வருஷம் அனுப்புறதா இல்ல. கடையில கிடைக்கும், காசு கொடுத்து வாங்கிக்கோங்க.