மஞ்சள் தடவினால் பச்சைப் பன்றிக்கறி நாய்க்கு ஆகுமா?

“மஞ்சளும் உப்பும் தடவி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால், பன்றிக்கறியைப் பச்சையாகவே நாய்க்குப் போடலாம்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சுற்றுகிறது. தவறு.

பன்றிக்கறியில் இருக்கக்கூடிய டிரைக்கினெல்லா புழு சாக, 15 செ.மீ.க்கு மேல் தடிமன் இல்லாத துண்டுகள் மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் உறைந்திருக்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். சால்மொனெல்லா கிருமியோ உறைய வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். நாயின் கிண்ணத்தைக் கழுவுகிறவருக்கும் தொற்றும். மஞ்சள் இதற்கெல்லாம் மருந்தல்ல.

எலும்பு நீக்கி, உப்பு காரமின்றி நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். பாசத்தில் நம் வீட்டு வறுவலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சந்தேகமிருந்தால் அரசு கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.