கரி அள்ளிப் போட்டால் வண்டி ஓடாது

நீராவி ரயில் இன்ஜின் ஓட்டியவர்களைப் பற்றி ஒரு விழா மேடையில் பேசியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "அந்தக் காலத்துல கரியை அள்ளிப் போட்டா வண்டி ஓடிரும், இப்பதான் மூளை வேணும்." கீழே கைதட்டல் வேறு. நாலு நாளாகியும் மனசு ஆறவில்லை.

கரியை அள்ளிப் போட்டால் வண்டி ஓடாது. நெருப்பு மூச்சுத் திணறி, புகை கக்கி, தண்ணீரை நீராவியாக்கும் பாய்லரில் அழுத்தம் இறங்கி, வண்டி வழியில் நிற்கும்.

விழுப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலத்தில் சென்னையிலிருந்து மின்சாரக் கம்பி அதுவரைக்கும்தான். அதற்குத் தெற்கே பாசஞ்சர் வண்டிகளை ஒய்பி (YP) வகை நீராவி இன்ஜின் இழுத்தது. ஒரு டிரைவர், கரி போட்டு நெருப்பையும் தண்ணீரையும் கவனிக்க இரண்டு பயர்மேன். பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு.

இன்ஜின் பிளாட்பாரத்தில் 'சும்மா' நிற்கிறது என்று நினைக்கிறோம். சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மூடியதும் புகைபோக்கி வழியாக நீராவி பாய்வது நிற்கும், நெருப்பை இழுக்கும் காற்றும் நிற்கும். மூடுவதற்கு முன்பே, புகைபோக்கியில் நீராவியைப் பீய்ச்சிக் காற்றை இழுக்கும் ப்ளோயரைத் திறந்திருக்க வேண்டும். மறந்தால் தீ கதவு வழியாக வெளியே வந்து பயர்மேன் முகத்தில் அடிக்கும். அழுத்தம் 210ஐத் தொட்டால் சேஃப்டி வால்வு திறந்து, காய்ச்சிய நீராவியெல்லாம் வானத்துக்குப் போகும். அதைத் தடுக்க பயர்மேன் இன்ஜெக்டரைப் போட்டு பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுவார். ஏற்றினால் அழுத்தம் இறங்கும். கார்டு கொடி காட்டும் நேரத்துக்கு அழுத்தமும் தண்ணீரும் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் நீராவியோடு சிலிண்டருக்குள் போய் அதன் மூடியையே உடைக்கும். குறைந்து நெருப்புப்பெட்டியின் மேல்தகடு வெளியே தெரிந்தால் ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பீறிடும். இதையெல்லாம் காட்ட இருப்பது விரல் தடிமன் கண்ணாடிக் குழாய்தான். அதையும் அப்படியே நம்பக் கூடாது, திருகைத் திறந்து ஊதிப் பார்க்க வேண்டும்.

இது மூளை இல்லையா?

நெருப்பும் ஒரே சீராக இருந்தால் போதாது. பின் மூலைகளிலும் ஓரங்களிலும் கனமாக, முன்னால் மெல்லியதாக. எங்காவது ஓட்டை விழுந்தால் கிளம்பும்போது முதல் நாலு இழுப்பில் குளிர்காற்று உள்ளே புகுந்து பாய்லர் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். சாம்பல் அதிகமான கரி வந்தால் சாம்பல் உருகிக் கட்டியாகி, நெருப்புக்கு அடியிலுள்ள தட்டிக் கம்பிகளின் இடைவெளியை அடைக்கும். அந்தக் கிளிங்கரை நீளக் கம்பியால் கிளறி உடைத்து எடுக்க வேண்டும், கம்பி நுனி சிவந்திருக்கும். அதற்குள் டிரைவர் எண்ணெய்க் கேனோடு சுற்றி வந்து ஒவ்வொரு பேரிங்கையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு மிஞ்சினால் பேரிங்கின் உள்பக்கத்து வெள்ளை உலோகம் உருகிப் போகும்.

"பழசைப் பிடிச்சுத் தொங்காதீங்க, புகையையும் கரியையும் மறுபடி கொண்டு வரணுமா?" என்று கேட்பீர்கள். கொண்டு வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த வெக்கையில் வெந்தவர்களே டீசல் வந்தபோது மூச்சு விட்டார்கள். நான் கேட்பது மரியாதையை மட்டும்தான்.

"இன்றைய லோகோ பைலட்டைக் குறைத்துச் சொல்கிறாயா?" என்றும் ஒருவர் வருவார். இல்லை. அவர் வேலை வேறு, அதுவும் கஷ்டம்தான்.

கடைசிக் காலத்து ஆட்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சன் ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் நீராவி இன்ஜின் கட்டுவது 1972ல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் நாட்டில் ஓட்டினார்கள். அகலப்பாதையில் கடைசி வழக்கமான நீராவி வண்டி ஜலந்தர் – பெரோஸ்பூர் பாதையில் 1995 டிசம்பர் 6ல்தான் நின்றது. புது உதிரிபாகம் இல்லை. கழித்துவிட்ட இன்ஜினில் கழற்றி இதில் மாட்டி, கசிகிற குழாயோடும் மட்டமான கரியோடும் நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். இறந்துகொண்டிருக்கும் இன்ஜினை ஓட்டத்தான் கூடுதல் திறமை வேண்டும். அவர்களைப் பார்த்தா அந்தப் பேச்சு?

அந்த மேடைக்குப் பின்னாலேயே பெயின்ட் அடித்த இன்ஜின் நிற்கிறது. தீக்கதவை வெல்டு வைத்து மூடிவிட்டார்கள், கேஜ் கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் துளை. பலகையில் எடை, நீளம், கட்டிய ஆண்டு எல்லாம் இருக்கிறது, பயர்மேன் என்ற சொல் இல்லை. அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது அதில் ஒரு வரி சேருங்கள்: இதை மூன்று பேர் ஓட்டினார்கள்.