நாட்டா பாஸ் பண்ணினால் ஆர்க்கிடெக்ட் லைசென்ஸா? இல்லை

“சிவில் டிப்ளமோ, அஞ்சு வருச சைட் அனுபவம் இருந்தா போதுமுங்க, நாட்டா எழுதிப் பாஸ் பண்ணினா ஆர்க்கிடெக்ட் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாம வீட்டு பிளான் போட்டா ஜெயில்.” ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கட்டுமான வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. இரண்டுமே தவறு.

நாட்டா என்பது பி.ஆர்க். எனும் கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேருவதற்கான நுழைவுத் தேர்வு, அவ்வளவுதான். அதன்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஐந்தாண்டு படித்துப் பட்டம் வாங்கி, 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுதான் பேச்சு வழக்கில் ‘லைசென்ஸ்’. கணிதத்தோடு மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவரும் நாட்டா எழுதலாம். புரளி இதிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் அவருக்கும் ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. சைட் அனுபவம் எத்தனை வருடம் இருந்தாலும் பட்டத்துக்கு ஈடாகாது.

ஜெயில் கதைக்கு வருவோம். அந்தச் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைத்தான் காக்கிறது, வரையும் வேலையைத் தடுக்கவில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளிலும் பதிவு பெற்ற பொறியாளர் பிளான் போட இடம் இருக்கிறது. கவுன்சில் பதிவில்லாமல் போர்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று எழுதுவதுதான் குற்றம்.

குறுக்கு வழியில் லைசென்ஸ் வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வீடு கட்டுபவர்கள், ஆர்க்கிடெக்ட் என்று சொல்பவரிடம் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சில் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.