கேமரன் மலைக்குப் போகும் குழு, கடைசி வண்டியைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும்

மலேசியாவில், கேமரன் மலை ஏறும் வழியில் இருக்கும் ரிங்லெட்டில் ஒரு டீக்கடை. வாசலில் ஆறு மோட்டார்சைக்கிள் நிற்கிறது, ஹெல்மெட்டெல்லாம் கழற்றியாச்சு, தே தாரேக் பாதி காலி. ஏழாவது வண்டி அப்போதுதான் வந்து சேருகிறது. 135 சிசி, பின்னால் பெட்டி, பெட்டிக்கு மேல் ஒரு பை. உடனே ஒரு குரல்: “என்னடா, தள்ளிக்கிட்டே வந்தியா?” எல்லாரும் சிரிக்கிறார்கள், வந்தவரும் சிரிக்கிறார். சிங்கப்பூரிலிருந்து மலைக்குப் போகும் எந்தக் குழுவிலும் இந்தக் கிண்டல் உண்டு. நண்பர்களோடு போவதே இப்படிச் சிரிக்கத்தானே. ஆனால் டீ முடிந்து கிளம்பியதும் அந்த ஏழாவது ஆள் எப்படி ஓட்டுவார்? மலைமேல் இருக்கும் தானா ராத்தா வரை மிச்சமிருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், இன்னொரு தடவை கடைசியாக வரக்கூடாது என்று ஓட்டுவார். வளைவில் எதிர்த் தடத்துக்குள் சக்கரம் போவது அப்படி ஓட்டும்போதுதான்.

அதனால் நான் அழுத்திச் சொல்வது இது: குழுவின் வேகம், பெட்ரோல் நிறுத்தம், கிளம்பும் நேரம், இறங்கும் பாதை என்று எல்லாவற்றையும் கடைசி வண்டியை வைத்தே முடிவு செய்யுங்கள். ஆயிரம் சிசி வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

நம் ஊரில் மலை கிடையாது. புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். வளைவு பழக வேண்டுமென்றால் சவுத் புவனா விஸ்டா சாலைக்குப் போகிறோம், இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தானா ராத்தா இருப்பது சுமார் 1,440 மீட்டர் உயரத்தில். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறுகிற பாதை கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், அதில் நேரான துண்டு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. விரைவுச்சாலையிலேயே வண்டி ஓட்டியவர் இந்த 60 கிலோமீட்டரில் ஒரு வருஷத்து வளைவுகளை மொத்தமாகச் சந்திக்கிறார்.

முதலில் டயரைப் பாருங்கள். நேர் ரோட்டிலேயே ஓடிய பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். உள்ளங்கையை டயருக்குக் குறுக்கே வைத்துத் தடவினால் நடுவில் சமதளம், இரண்டு பக்கமும் மெல்லிய விளிம்பு தட்டுப்படும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது டயர் அந்த விளிம்பைத் தாண்டும், வண்டி ‘டொக்’கென்று மேலும் சாயும். ஓட்டுபவர் ரோட்டில் எண்ணெய் என்று பயந்து பிரேக்கைப் பிடிப்பார், அங்கேதான் வழுக்கும். டயரின் கோட்டுப் பள்ளம் இன்னும் பாக்கி இருக்கிறது, ஓடும் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்லலாம். ஊருக்குள் காக்கி புக்கிட்டுக்கும் உபிக்கும் ஓட அது போதும், மலைக்குப் போதாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டிய டயர், பள்ளம் நன்றாக இருந்தாலும், ரப்பர் இறுகியிருக்கும். ஈர ரோட்டில் அது பிடிக்காது.

அடுத்தது பிரேக். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஏறுவதற்குத் தயாராகிற அக்கறையில் பாதிகூட இறங்குவதற்கு யாரும் காட்டுவதில்லை. வண்டி, இரண்டு பேர், சாமான் எல்லாம் சேர்த்து 280 கிலோ என்று வையுங்கள். 1,350 மீட்டர் கீழே இறங்கும்போது அந்த எடை விடுகிற ஆற்றலை வெப்பமாக மாற்றினால், 30 டிகிரியில் இருக்கும் 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் ஒரு பங்கைக் காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க உள்ளங்கை அகல டிஸ்க்கிலும் பேடிலும்தான் இறங்கும். அங்கிருந்து பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறியபின் அதற்கான குறைந்தபட்ச அளவு 155தான். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி வரும். குமிழி நசுங்கும், ஆயில் நசுங்காது. அதனால் பிரேக் லீவரை இழுத்தால் பஞ்சு மாதிரி கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால் போதும், சின்னச் செலவு. ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் டப்பாவின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். தேன் நிறம் போய்க் காப்பி நிறமாகியிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள்.

இறங்கும்போது லீவரை லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் பெரிய தப்பு. பயந்த ஓட்டுநர்கள் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், அது பத்திரம் என்று நினைத்து. வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுதாக விடுங்கள். விட்டிருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் டிஸ்க் ஆறும். மிச்ச வேலையை இரண்டாவது, மூன்றாவது கியர் பார்த்துக்கொள்ளும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்ற பழைய பேச்சு இங்கே சரியாகப் பொருந்தும். கியர் இல்லாத ஸ்கூட்டர்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். வேகம் மிகவும் குறைந்தால் க்ளட்ச் விட்டுவிடும், இன்ஜின் பிடிப்பு போய் வண்டி நியூட்ரலில் உருளுவதுபோல் உருளும். கொண்டை ஊசி வளைவில் இது நடந்தால் திடுக்கென்றிருக்கும். த்ராட்டிலை ஒரு நூல் திறந்தால் க்ளட்ச் மறுபடி பிடிக்கும், பின் பிரேக்கால் வேகத்தை அடக்கிக்கொள்ளலாம். லீவர் தளர்ந்தாலோ கருகல் வாடை வந்தாலோ நிறுத்துங்கள். 20 நிமிடம் சும்மா நிற்கட்டும். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

பெட்ரோல் கணக்கும் கடைசி வண்டியைப் பொறுத்ததுதான். 150 சிசி குட்டி வண்டிகளில் டேங்க் 4 லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். சாமானோடு நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 30, 35 கிலோமீட்டர் கிடைத்தால் 120 தாண்டியதும் வயிற்றைக் கலக்கும். 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வண்டிக்குப் பெட்ரோல் தேவையில்லாவிட்டாலும் அதன் ஓட்டுநருக்கு முதுகு நிமிர்த்தத் தேவை இருக்கிறது. சிரிப்பும் கிண்டலும் அங்கே வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பதிவெண் வண்டிகளுக்கு மானிய விலைப் பெட்ரோலான ரோன் 95 கிடையாது, 2010லிருந்து அப்படித்தான். மஞ்சள் கைப்பிடி பக்கம் போகாமல் ரோன் 97 போடுங்கள். மலைக்கு முன் தாப்பாவில் அத்தனை பேரும் முழு டேங்க்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. சாவடியில் இடது ஓரமாக ஒதுக்கியிருக்கும் வழியில் மெதுவாகப் போனால் போதும். உட்லண்ட்ஸிலிருந்து தாப்பா ஏறக்குறைய 490 கிலோமீட்டர். சின்ன வண்டி 90இல் ஓடினால் நிறுத்தங்களோடு ஏழு மணி நேரம். அதே நாளில் மலையும் ஏறும் திட்டத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழு மணி நேர அதிர்வுக்குப் பிறகு கை மரத்திருக்கும், மதியத்துக்கு மேல் மலையில் மழையும் மூடுபனியும் வரும். முதல் இரவு தாப்பாவிலோ ஈப்போவிலோ தங்கிக் காலையில் ஏறுங்கள். ஒரு நாள் விடுப்பு கூடுதலாகும்தான், போடுங்கள். தாப்பாவில் தமிழ்ச் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. தோசை சாப்பிட்டுக்கொண்டே மேலே மண் சரிந்திருக்கிறதா, எங்கே ரோட்டு வேலை நடக்கிறது என்று கேட்டுவிடலாம். தினமும் காய்கறி லாரி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்தது எந்த வரைபடச் செயலிக்கும் தெரியாது.

இனி குழுவாக ஓட்டும் முறை. மலையில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். ஒட்டிப் போனால் பின்னால் வருபவர் ரோட்டைப் பார்ப்பதில்லை, முன் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்க்கிறார். முன் வண்டி தப்பாகப் போனால் இவரும் அதே தப்பில் போவார். இதற்கு நல்ல மாற்று உண்டு. முதல் ஆளும் கடைசி ஆளும் மாறவே கூடாது. கடைசி ஆள், அதாவது மெதுவான வண்டிக்கும் பின்னால் வருபவர், குழுவிலேயே அனுபவசாலியாக இருக்க வேண்டும், ஒளிரும் மேலங்கி போட்டிருக்க வேண்டும். சாலை பிரியும் இடம் வந்ததும் முதல் ஆள் இடது ஓரத்தைக் கையால் காட்டுவார், இரண்டாவதாக வருபவர் பத்திரமான இடம் பார்த்து அங்கே நிற்பார். ஒவ்வொருவராகக் கடந்து போவார்கள், இவர் வழி காட்டுவார். ஒளிரும் மேலங்கி வந்ததும் அதற்கு முன்னால் இவர் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். இவ்வளவுதான் முறை.

இதில் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. பத்து நிமிடம் பின்தங்கினாலும் அடுத்த பிரிவில் ஒரு ஆள் நமக்காக நிற்கிறார் என்று தெரிந்தால் மெதுவாக ஓட்டுகிறவரின் தோள் இளகும். தோள் இளகினால் வண்டி வளையும். ரிங்லெட்டில் ஆள் நிறுத்தியே ஆக வேண்டும், அங்கே தவறிப் பிரிந்தால் சுங்கை கோயான் பக்கம் போய்விடுவார்கள், மலைக்குள் கைப்பேசி சிக்னலையும் நம்ப முடியாது. ஒரு குழுவுக்கு எட்டு வண்டி தாண்ட வேண்டாம். பன்னிரண்டு பேர் என்றால் ஆறு ஆறாகப் பிரியுங்கள். இன்டர்காம் வைத்திருப்பவர்கள் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கதை பேசாதீர்கள். ‘லாரி’, ‘மண்’, ‘எண்ணெய்’, இப்படி ஒரு சொல் போதும்.

வளைவைப் பற்றி ஒன்றே ஒன்று. வலப்பக்க வளைவில் சக்கரம் நம் தடத்தில்தான் இருக்கும், ஆனால் சாய்ந்திருக்கும்போது தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த் தடத்துக்குள் போயிருக்கும். எதிரே வரும் லாரி வளைவை வெட்டி வந்தால் முதலில் இடிபடுவது ஹெல்மெட்தான். மறைந்த வலப்பக்க வளைவில் இடது ஓரத்தை ஒட்டியே உள்ளே நுழையுங்கள், வளைவின் வெளிவழி கண்ணுக்குத் தெரிந்தபிறகு மட்டும் சாயுங்கள். கொண்டை ஊசியில் செய்ய வேண்டியதை 2பி ஓட்டுநர் உரிம வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: எட்டுப் போட்டபோது செய்தது அதே. பாதி க்ளட்ச், நிலையான த்ராட்டில், பின் பிரேக், பார்வை போக வேண்டிய இடத்தில். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். கிளம்புவதற்கு முந்தின வாரம் காலியான ஓர் இடத்தில் அரை மணி நேரம், பெட்டியும் பையும் கட்டியபடியே, எட்டுப் போட்டுப் பாருங்கள். சாமானோடு வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மேலே போனதும் வண்டி இழுக்கவில்லை என்று சின்ன வண்டிக்காரர் கவலைப்படுவார். 1,500 மீட்டரில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் சுமார் 84 விழுக்காடுதான், எந்த இன்ஜினுக்கும் அந்த அளவு மூச்சு குறையும். வண்டியில் கோளாறு இல்லை, ஒரு கியர் குறைத்தால் சரியாகும். குளிரும் அப்படித்தான், ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் இறங்கும். மழையில் நனைந்த கையுறையோடு விரல் விறைத்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும், அதனால் இரண்டாவது ஜோடி கையுறையை நெகிழிப் பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். செயினுக்கு 500 கிலோமீட்டரில் ஒருமுறை ஸ்பிரே, மழையில் ஓடியிருந்தால் அன்றிரவே.

தாள்கள்: கடப்பிதழைக் கழுத்தில் தொங்கும் நீர்புகாப் பையில் வையுங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் அல்லாத நண்பர்கள், முக்கியமாக இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள், மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இதை ஒருவர் பொறுப்பெடுத்து ஆளாளுக்குக் கேட்டுச் சரிபாருங்கள், சோதனைச்சாவடியில் நின்று நிரப்புகிற வேலை வேண்டாம். நம் காப்புறுதி பெரும்பாலும் மேற்கு மலேசியாவுக்கும், தாய்லாந்துக்குள் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும்தான். வட தாய்லாந்தின் மே ஹோங் சோன் வளைவுகள்மேல் ஆசை வைத்திருப்பவர்கள் தனியாக எடுக்க வேண்டும்.

திரும்பும் பாதை. தாப்பா வழியாக ஏறினால் அதே வழியில் இறங்காதீர்கள். பிரிஞ்சாங் முருகனைக் கும்பிட்டுவிட்டு கம்போங் ராஜா வழியாக ஈப்போ பக்கத்து சிம்பாங் பூலாய்க்கு இறங்குங்கள். சாலை அகலம், வளைவுகள் நீளமானவை, பார்வை தூரம் அதிகம், பிரேக்குக்கு நடுநடுவே ஓய்வு கிடைக்கும். சுற்றுதான், ஆனாலும் சின்ன வண்டிக்கும் பின்னால் ஆள் ஏற்றியவருக்கும் இந்தப் பாதைதான் சரி. மழைத்தண்ணீர் மண்ணை இழுத்து வந்து ரோட்டில் போட்டிருக்கும், நிழலான வளைவில் அது காய்வதே இல்லை, அதை மட்டும் பாருங்கள். கீழே சிம்பாங் பூலாயில் முதல் ஆள் நிற்கட்டும். ஒளிரும் மேலங்கி வந்ததும் யாரும் ஹெல்மெட் கழற்றுவதற்கு முன் சின்ன வண்டியின் முன் லீவரை ஒருவர் இழுத்துப் பார்க்கட்டும். கெட்டியாக இருந்தால் ஈப்போவுக்குச் சாப்பிடப் போகலாம். பஞ்சாக இருந்தால் சாப்பாடு தாமதமாகட்டும், எல்லாருமே அங்கே உட்காருங்கள்.