விலையைப் போடுவது அமேசான் அல்ல

“அச்சுச் செலவே இல்லாத மின்னூலுக்கு அமேசான் இஷ்டப்படி விலை ஏற்றுகிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் நியாயம்தான், ஆள்தான் மாறிப்போச்சு.

2010 வரை அமெரிக்காவில் புதுப் புத்தகங்களின் மின்னூல்களை 9.99 டொலருக்கு, பல வேளை நட்டத்துக்கு, விற்றதே அமேசான்தான். அது பெரிய பதிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த வருடம் ஆப்பிளோடு சேர்ந்து ஐந்து பதிப்பாளர்கள் விலை போடும் உரிமையைத் தங்கள் கைக்கு எடுத்தன, 12.99, 14.99 என்று ஏறியது அப்போதுதான். கூடிப் பேசி விலையை ஏற்றினார்கள் என்று 2012இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது, 2013இல் ஆப்பிள் தோற்றது. ஆனாலும் அப்புறம் பதிப்பாளர்கள் அமேசானோடு தனித்தனி ஒப்பந்தம் போட்டு, தாங்களே விலை போடும் அதே முறைக்குத் திரும்பிவிட்டார்கள். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் பெரிய பதிப்பாளர்களின் புத்தகப் பக்கத்தைப் பாருங்கள், விலையைப் போட்டது விற்பவரான பதிப்பாளரே என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

அச்சுக் கூலியும் நாம் நினைக்கிற அளவு பெரிதல்ல. விலையில் பெரும்பங்கு கடைக்காரர் கழிவு, எழுத்தாளர் பங்கு, பதிப்புச் செலவு என்றே போகிறது.

கொழும்பில் இருக்கிற நமக்கு வேறொரு அடியும் உண்டு. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. 300 ஆனதும், டொலர் விலை அசையாமலே 9.99 டொலர் புத்தகம் 2,000இலிருந்து 3,000 ரூபாய் ஆகிவிட்டது. இதை அமேசான் தலையில் கட்ட முடியாது.

அமேசானைத் திட்டத்தான் வேண்டுமென்றால் எழுத்தாளரே நேராக அமேசானில் மின்னூல் வெளியிடும் சுயபதிப்பைப் பிடியுங்கள்: அங்கே 9.99 டொலருக்கு மேல் விலை வைத்தால் எழுத்தாளர் பங்கு 70இலிருந்து 35 சதவீதமாகிவிடும்.