டெக்கைப் பிரிக்கிறேன் என்று பாதியை விட்டுப்போவது

அமெரிக்காவில் வீட்டுப் பின்புறத்து பழைய டெக்கை, அதாவது வீட்டோடு ஒட்டித் தூண்மேல் நிற்கும் மரத்தளத்தை, பிரிக்க ஆள் கூப்பிட்டால், "எல்லாம் சேர்த்துத்தான்" என்று ஒரு தொகை சொல்கிறார்கள். தூணுக்கு அடியிலுள்ள கான்கிரீட் மட்டும் அதில் சேராதாம்! தூணைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டுக் கிளம்பினால், மண்ணுக்குள் கிடக்கும் மிச்சத்தை யார் தோண்டுவது? தோண்டுமுன் 811-க்கு அழைத்தால் நிலத்தடிக் குழாய், கேபிள்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள், அதைக்கூடச் செய்வதில்லை.

வயிற்றெரிச்சல், டெக்கை வீட்டுச் சுவரோடு இணைக்கும் லெட்ஜர் பலகையில்தான். சுவரோடு போல்ட் போட்ட அதைப் பிடுங்கிய பிறகு ஓட்டைகளை அடைத்து, நீர்காப்புத் தாள் ஒட்டி, சைடிங்கால் (வெளிச்சுவர் மேலுறை) மூட வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் இறங்கி உள்மரம் உளுத்துப்போகும். யாரும் இதை எழுதித் தருவதில்லை.

2004-க்கு முந்தைய மருந்தேற்றிய மரத்தில் பெரும்பாலும் ஆர்செனிக் இருக்கும், எரிக்கவே கூடாது. பிரித்த மரத்தை எங்கே கொட்டப்போகிறீர்கள் என்று கேட்டால் ஏன் கோபம்?