வாங்கினவங்ககிட்ட எதைக் கேட்கணும், எப்படிக் கேட்கணும்

கோயம்புத்தூர் கிரைண்டர், பம்ப்செட் கம்பெனிகளோட முகநூல் பக்கத்தையும் திருப்பூர் பனியன் பிராண்டுகளோட பக்கத்தையும் பாருங்க. ஆடிக்கு ஒரு ஆஃபர், தீபாவளிக்கு ஒரு ஆஃபர். கீழே குறை சொல்லி எழுதினவங்களுக்கு "இன்பாக்ஸ் பண்ணுங்க"ங்கற ஒரே பதில். அடுத்த மாடலுக்கு வேண்டிய தகவல் முழுக்க அந்தக் கமெண்டுகள்ல கேட்பாரில்லாம கிடக்குதுங்க. வாங்குறவங்களையும் சேர்த்துக்கிட்டுத்தான் பொருளை உருவாக்கணும்னு 2004-லேயே வெங்கட் ராமசாமியோட சேர்ந்து புத்தகம் எழுதின மேலாண்மைப் பேராசிரியர் சி.கே.பிரகலாத், 1941-ல இதே கோயம்புத்தூர்ல பிறந்தவர். நம்ம பக்கத்துச் சின்னத் தொழில்கள் இதைக் கையில எடுக்கலையேங்கற ஆதங்கத்துலதான் எழுதறேன்.

பெரும்பாலும் கேள்வியிலயே கோட்டை விட்டுடறாங்க. "புது மாடல்ல என்ன வேணும்?"னு போட்டா "விலையைக் குறைங்க", "கலர் நிறைய விடுங்க"ன்னுதான் வரும். யோசனை கேட்காதீங்க, சிரமத்தைக் காட்டச் சொல்லுங்க. 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரா? உளுந்து ஆட்டி முடிச்சு மாவு வழிக்கிறதை, செல்லை டிரம்முக்கு மேல பிடிச்சு 30 செகண்ட் வீடியோ அனுப்பச் சொல்லுங்க. ஸ்கிரேப்பருக்குப் பின்னாடி மாவு எங்க தங்குது, கல்லைத் தூக்க எந்த இடத்துல கை கொடுக்கறாங்க, தூக்குறப்ப மாவு எங்க சொட்டுது, எல்லாம் அதுல தெரிஞ்சுடும். ஓடும்போது இன்னொரு 15 செகண்ட், சத்தத்தோட. பெல்ட் வழுக்கினா அந்தக் கீச்சுச் சத்தம் தனியாக் கேக்கும். கூடவே உளுந்து எத்தனை கிராம், எவ்வளவு நேரம் ஊறுச்சு, தண்ணி எத்தனை டம்ளர்னு கேட்டு வாங்குங்க. இந்த மூணும் இல்லாட்டி மிஷின் குறையா, மாவு கெட்டியாப் போனதாங்கறதைப் பிரிக்கவே முடியாது.

பனியனுக்கு இதைவிடச் சுலபம். முதல் துவைப்புக்கு முன்னாடி, நீளவாக்குல 30 செ.மீ. தள்ளி ரெண்டு புள்ளி, அழியாத மார்க்கர்ல. அஞ்சு துவைப்புக்கப்பறம் தரையில விரிச்சு, டேப் வெச்சு, நேர் மேலிருந்து போட்டோ. 28.5 செ.மீ. காட்டினா 5 சதவீதம் சுருங்கியிருக்கு. பக்கத் தையல் முன்பக்கமாத் திரும்பியிருந்தா துணி முறுக்கிக்கிச்சு. மெஷினா, கையா, வெந்நீரான்னும் எழுதச் சொல்லணும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா படம் அமுங்கி, மேல உருளுற நூல் பிசிறு தெரியாது. டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

முகநூல்ல ஆளைத் தேடுங்க, கருத்து வாங்கற வேலையைத் தனியா வெச்சுக்கங்க. ஆரம்பிக்க 30 பேர் போதும். புதுசா வாங்கினவங்க, மூணு வருஷமா ஓட்டறவங்க, வேற பிராண்டுக்குப் போயிட்டவங்க, அவசியமா நாலஞ்சு ரிப்பேர் கடைக்காரங்க. பத்து வீட்டு மிஷினைப் பிரிச்சுப் பார்த்தவர் சொல்ற ஒரு வரிக்கு நூறு லைக் ஈடாகாது. இவங்களை ஒரே வாட்ஸ்அப் குரூப்ல போட்டா எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பெண்கள் பேசாம ஒதுங்கிடுவாங்க. அங்க வைக்கிற வாக்கெடுப்புல யார் எதுக்குப் போட்டாங்கன்னும் தெரியும். பெரிய டீலர் ஒருத்தர் முதல்ல போட்டுட்டா மத்தவங்க அவர் பின்னாடியே போயிடுவாங்க. அதுக்குப் பதில், ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாம வாங்க கூகுள் ஃபார்ம் நல்லது.

வந்ததுக்குப் பதில் போகலைன்னா அடுத்த தடவை ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க. எதை எடுத்துக்கிட்டோம், எதை ஏன் எடுக்கலைன்னு 15 நாளுக்குள்ள எழுதுங்க. பொம்மைக் கட்டைகள் செய்யற லெகோ கம்பெனியோட ஐடியாஸ் தளத்துல 10,000 பேர் ஆதரிச்ச டிசைனைத்தான் பரிசீலனைக்கு எடுப்பாங்க. அது தேர்வாகி விற்பனைக்கு வந்தா வடிவமைச்சவருக்கு நிகர விற்பனையில 1 சதவீதம். நம்ம அளவுக்கு, திருத்தின மாடல்ல முதல் மிஷினை யோசனை தந்தவர் வீட்டுக்கே அனுப்பலாம், அவர் சம்மதிச்சாப் பேரையும் போடலாம். யோசனை யாருக்குச் சொந்தம்ங்கறதை மட்டும் முன்கூட்டியே ஃபார்ம்லயே எழுதிடுங்க.

கடைசியா ஒண்ணு, இதுல நிறையப் பேர் மாட்டிக்குவாங்க. பொருளோட வடிவத்தை மத்தவங்க காப்பியடிக்காம இருக்கப் பதிவு பண்றதுக்கான 2000-ம் வருஷ டிசைன் சட்டப்படி, விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடியே வெளியான வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது. புது டிரம் படத்தை "எப்படி இருக்கு?"னு முகநூல்ல போட்டா அதுவும் வெளியீடுதான். குறையைப் பத்தி எவ்வளவு வேணாலும் பொதுவுல பேசுங்க, தீர்வோட படத்தை விண்ணப்பம் கொடுத்து நம்பர் வாங்கின பிறகு போடுங்க.